நிரப்பு வகை

முதலில் பெயர்கள்தான் இருந்தன.
முப்பத்தொன்று, முப்பத்தேழு, மண், சரளை, ஏஆர் கொன்க்.
ஸ்டான்லி வீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடி,
ஐந்து கணினிகளும் ஒரு பிளொட்டரும்
இந்தப் பெயர்களை நம்பித்தான் வீடு கட்டின.

பெயரைத் தட்டு. எல்லையைத் தொடு. காத்திரு.
கோடுகள் வந்து விழும்வரை
தான் கல்லா சீமெந்தா என்பது
சுவருக்கே தெரியாது.

போன மாசியில்
கொக்குவில் அமலதாசின் இரண்டு மாடி வீட்டுக்கு
அத்திவாரம் முழுக்கப் புல் முளைத்தது.
ஆங்கில ஜி-யில் தொடங்குகிற நாலைந்து பெயர்கள்
அடுத்தடுத்து நிற்கும் இடம் அது;
சரளைக்குப் போன விரல் புல்லில் நின்றுவிட்டது.
பிரதேச சபையில் இருந்து பிளான் திரும்பி வந்தது,
ஓவசியரின் சிவப்புப் பேனை எழுத்தோடு:
"அத்திவாரத்துக்குள்ளை மாடு மேய்க்கப் போறியளோ?"

அன்றிரவே தொடங்கினேன்.
ஒவ்வொரு வகையையும்
ஓர் அங்குலச் சதுரத்துக்குள் ஊற்றி,
படமாக்கி,
பெயருக்குப் பக்கத்தில் ஒட்டும் வேலை.
மெனுக் கோப்பில் ஒரு கமா பிசகினால்
பட்டியல் முழுவதும் வெறுமை.
சில சதுரங்கள் அளவு பிழைத்து
அடுப்புக்கரி மாதிரிக் கறுத்து வந்தன.
ஒன்றில் ஒரு கோடுகூட இல்லை,
செங்கல் அவ்வளவு பெரிது,
என் சதுரம் அந்தச் செங்கல்லின் நடுவே நின்றது.

பத்தரைக்குக் கரண்ட் போகும்.
யூபிஎஸ் ஆறு நிமிடம் கத்தும்.
சேமித்துவிட்டு, இருட்டில் இருந்து யோசிப்பேன்:
தேன்கூட்டை எத்தனை மடங்கு சுருக்கலாம்,
அது வெறும் சாம்பல் நிறமாகிப் போக முன்னம்?

நிமலரூபன் சிரித்தான்.
"பேர் வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குத்தானே படம்,
தேர்தல் சின்னம் மாதிரி."
அவன் பட்டியலைப் பார்க்காமலே தட்டுவான், அவ்வளவு வேகம்.
அந்தப் புல் அவனுடையதென்று
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை
கோப்பாய்க் காணி ஒன்றின் அளவை வந்தது.
கிழக்கு எல்லையோடு ஒரு வட்டம், விட்டம் எட்டரை அடி.
அருகில் நிலஅளவையாளரின் பென்சில்: தூர்த்த கிணறு.
சொந்தக்காரி யூடித் மங்களராணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.
"எதாலை தூர்த்தது, அம்மா?"
"நாங்கள் திரும்பி வரேக்கை தூர்ந்துதான் கிடந்தது, பிள்ளை.
ஆர் எண்டும் தெரியாது, எதாலை எண்டும் தெரியாது.
கிண்டிப் பாக்கேல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"அதுக்கு மேலை கார் விடலாமோ?" என்றார்.

நாற்பத்தெட்டுச் சதுரங்களையும் திறந்து வைத்தேன்.
இப்போது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதே.
மண் போட்டால் மண் என்று சொன்னதாகும்.
சரளை போட்டால் சரளை.
நீருக்கும் ஒரு வகை இருந்தது, உடைந்த அலைக்கோடுகள்;
அதன்மேல் கை கொஞ்ச நேரம் நின்றது.
வெள்ளையாக விட்டாலோ
ஒன்றுமில்லை என்று வாசிப்பார்கள்,
தூண் நடுவார்கள்.

நாற்பத்தொன்பதாவதை நானே எழுதினேன்.
கோணம், தொடக்கம், தள்ளல், கோடு, இடைவெளி.
இரண்டே இரண்டு வரி.
வலப்பக்கம் சாய்ந்த ஒரு குறுங்கோடு, நீண்ட வெளி,
இடப்பக்கம் சாய்ந்த இன்னொன்று.
இரண்டும் எங்கேயும் முட்டாதபடி
தொடக்கப்புள்ளியை மூன்று தரம் மாற்றினேன்.
பெயர் கட்டாயம் என்றது மென்பொருள்.
ஆங்கில எழுத்தில் "தெரியாது" என்று வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

நேற்று மத்தியானம்
நிமலரூபனின் தோளுக்குப் பின்னால் நின்றேன்.
சுண்டுக்குளியில் ஒரு குளியலறைத் தரை.
பட்டியலை மெல்ல உருட்டி வந்தவன்
கடைசிச் சதுரத்தில் நின்றான்.
"நல்ல வடிவா இருக்கு, புதுசோ?"
கேட்டுக்கொண்டே அழுத்தினான்.
பெயரை அவன் வாசிக்கவில்லை.